மழையில் விழாத மீன்கள்

ஒரு நீர்நிலையைக் கொல்ல வேண்டுமானால் அதைச் சித்திரையில் போய்ப் பார்க்க வேண்டும். வேறு முயற்சி தேவையில்லை. வெடித்த மண் இருக்கும், நடுவில் நாலு வேலிக்காத்தான் இருக்கும், ஓரத்தில் ஒரு ஆடு மேயும். போனவர் பார்த்ததை எழுதுவார்: 'தணிக்கையின்போது நீர் காணப்படவில்லை.' அதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. வேலைக்காலம் முழுவதையும் வருவாய்த் துறை மேசைகளில் கழித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், பொய் கலக்காத வாக்கியத்தை எதிர்த்து மேல்முறையீடு செய்வது மிகவும் கடினம்.

எங்கள் தாங்கலைத் தணிக்கை செய்ய வருவதாக அறிவிப்பு ஒட்டியபோது சித்திரை பிறந்திருந்தது. மாதத்தைத் தேர்ந்தெடுத்தவர் யாராக இருந்தாலும் தொழில் தெரிந்தவர் என்று மனதுக்குள் பாராட்டிக்கொண்டேன்.

தாங்கல் என்றால் எங்கள் பக்கத்தில் சின்ன ஏரி. உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் வழியில் உள்ள எங்கள் ஊருக்குப் பெரிய ஏரி ஒன்று இருக்கிறது. அதன் மீனுக்கு ஏலம், குத்தகை, சண்டை எல்லாம் உண்டு. தாங்கலுக்கு அந்த மரியாதை கிடையாது. ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம், நடுவில் அது. ஐப்பசியில் காலனி வீடுகளுக்குள் வந்திருக்க வேண்டிய தண்ணீரை எல்லாம் வாங்கிக்கொள்ளும். வற்றும்போது குறவை மீனும் தேளி மீனும் கொடுக்கும். அதை மூடிவிட்டு லாரி நிறுத்தவும் வாரச்சந்தை போடவும் இடமாக்கலாம் என்று ஊரில் சிலருக்கு யோசனை. அந்த யோசனை ஊராட்சிக் கூட்டத்துக்கு வருவதற்கு முன்பே, வயல்வெளித் தண்ணீர் தாங்கலுக்குள் இறங்கும் கால்வாயின் வாயில் நாலைந்து லோடு கட்டட இடிபாடு வந்து விழுந்துவிட்டது. "தற்காலிகமா கொட்டி வெச்சிருக்கோம் மேடம்" என்றார் அதைக் கொட்டிய கான்ட்ராக்டர். தற்காலிகம் என்பதற்கு ஓய்வு பெறும் வயது கிடையாது என்று எனக்குத் தெரியும்.

நான் காலனிக்காரி. இங்கிருந்து விலங்கியல் படித்துப் பட்டம் வாங்கி, அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு நிலப் பதிவுகளைப் பார்க்கும் வேலைக்குப் போனவள். ஓய்வு பெற்றதும் அண்ணன் வீட்டை ஒட்டி ஒரு அறை கட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். அண்ணன் இப்போது இல்லை. அண்ணி இருக்கிறார். என் தலை நரைத்துப் பல வருடங்கள் ஆகின்றன. அண்ணிக்கு நான் இன்னும் பாப்பாதான்.

"இன்னா பாப்பா, காலையிலேர்ந்து எயுதிக்கினே கீற? ரிட்டேர் ஆனது மறந்துபூச்சா?"

எங்கள் பேச்சில் ழகரத்துக்கு வேலை கிடையாது. அந்தப் பதவி எப்போதோ நீக்கப்பட்டுவிட்டது.

"ஆட்சேபணை மனு அண்ணி. தாங்கலை மூடக் கூடாதுன்னு."

"மூடக் கூடாது. ஒரே வார்த்தை. அதுக்கு இத்தினி பேப்பரா?"

"ஒரு வரியில எழுதினா ஒரு வரியில தள்ளுபடி பண்ணிடுவாங்க."

அண்ணி வாசலில் உட்கார்ந்து, சாம்பல் தொட்டுக் கல்லில் குறவை உரசிக்கொண்டிருந்தார். தாங்கலில் கடைசியாக மிஞ்சிய சேற்றுக் குழியில் பிடித்தது. தலையை நசுக்கிய பிறகும் அது வாலால் கல்லை அறைந்துகொண்டிருந்தது.

"எனக்கு வூட்டுக்குள்ள தண்ணி வரக் கூடாது, அவ்ளோதான்" என்றார். "மீனப் பத்திக் கவலை இல்ல. இது மயையில வுயுற மீனு. இங்க மூடினா வேற எங்கனா வுயும்."

"மழையில மீன் விழாது அண்ணி."

"நீ பாத்தியா?"

"விழாததை எப்படிப் பாக்கறது?"

"நான் பாத்தேன். போன ஐப்பசியில மயை வுட்டதும் கதவத் தொறக்கறேன், வாசல்ல ஒரு பனையேறி மீனு குதிச்சிக்கினு கீது. தாங்கல் எங்க கீது, வாசல் எங்க கீது? வானத்துலேர்ந்து வுயாம, பின்ன நடந்தா வந்துச்சு?"

"ஆமா. நடந்துதான் வந்துச்சு."

அண்ணி மீனைக் கீழே வைத்தார். பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பி, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். "அடியே, கேட்டியா? எங்க பாப்பா காலேஜுல படிச்சிக்கினு வந்த சேதிய! மீனு நடக்குதாம்! செருப்பு போட்டுக்கினு வந்துச்சா, வெறுங்காலா வந்துச்சான்னு கேளு!"

அன்று முழுவதும் குழாயடியில் எனக்கு மீன் நடையைப் பற்றி விசாரணை நடந்தது.

இது அண்ணியின் நம்பிக்கை மட்டுமல்ல. எங்கள் பக்கத்தில் பலர் அப்படித்தான் சொல்வார்கள். காரணமும் இருக்கிறது. கோடையில் ஆடு மேய்ந்த இடத்தில், முதல் பெருமழை பெய்த மறுவாரம் விரல் நீளத்துக்கு மேல் மீன் துள்ளினால் யாருக்கும் சந்தேகம் வரும். முட்டையிலிருந்து ஒரு வாரத்தில் அவ்வளவு வளராது. ஆகவே மேலிருந்துதான் வந்திருக்க வேண்டும். தர்க்கத்தில் ஓட்டை இல்லை. அந்த மீன்கள் போகவே இல்லை என்ற தகவல் மட்டும்தான் விட்டுப்போகிறது.

கல்லூரியில் தேளி அறுத்திருக்கிறேன். மருந்தில் ஊறி வெளுத்த உடம்பு. வீட்டில் குழம்பில் பார்த்ததைவிடப் பரிதாபமாக இருந்தது. செவுளிலிருந்து முதுகெலும்பின் இரு பக்கமும் பின்னோக்கி நீண்டு போகும் மெல்லிய குழாய் போன்ற பைகளைப் பிரித்துக் காட்டினார்கள். அதில்தான் அது காற்றை அடைத்துக்கொள்கிறது. குறவைக்கும் விராலுக்கும் தலைக்குள் காற்றறை உண்டு. பனையேறிக்குச் செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஒரு தகடு. குறவையையும் விராலையும் ஒன்றாகக் கணக்கிட்டால் மூன்று வேறு வேறு குடும்பங்கள். மூன்றும் தண்ணீரில் மூச்சு முட்டிய இடத்தில் தனித்தனியாகக் கண்ட வழி.

கண்ட வழி என்று எழுதுகிறேனே தவிர, எந்த மீனும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. சூடான, அழுகிய, குறுகும் தண்ணீரில் காற்று போதாமல் எத்தனையோ செத்திருக்கும். மேலே வந்து வாய் திறந்தவற்றில் கொஞ்சம் தப்பின. தப்பியவற்றின் குஞ்சுகளில் இன்னும் நன்றாகக் காற்றைப் பிடித்தவை அடுத்த கோடையைத் தாண்டின. இப்படி மனிதர் கணக்குக்கு வராத காலம் போயிருக்கிறது. 'மீன் என்றால் தண்ணீருக்குள்தான் சுவாசிக்க வேண்டும்' என்ற விதியைக் கடைசிவரை மதித்தவை விதியோடு மண்ணாகிப்போயின. விதியை மதித்தே வாழ்ந்தவள் நான். இதை எழுதும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பழங்கதை என்று நினைக்க வேண்டாம். பெரிய ஏரியில் ஜிலேபி மீன் இப்போது கட்டைவிரல் பருமன்கூட வருவதற்கு முன்பே சினை வைக்கிறது. பெரியதாக வளர்ந்தால் வலை பிடித்துக்கொள்ளும். நிதானமாக வளரலாம் என்றால் தண்ணீர் அதற்குள் வற்றிவிடும். சீக்கிரம் குஞ்சு போட்டவற்றின் வம்சம்தான் வலைக்கண்ணில் நழுவி மிஞ்சுகிறது. "இப்பல்லாம் மீனே வளர மாட்டேங்குது, வெறும் முள்ளு" என்று குத்தகைக்காரர் திட்டுகிறார். சிறியதாக இருக்கச் சொல்லி ஆணை பிறப்பித்தது அவருடைய வலை என்பதை யாரும் அவருக்குச் சார்வு செய்யவில்லை, அதாவது நகல் கொடுத்துக் கையெழுத்து வாங்கவில்லை.

தணிக்கைக்கு வந்த அதிகாரி இளைஞர், மரியாதையானவர். கான்ட்ராக்டர் இளநீரோடு காத்திருந்தார். அதிகாரி தன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார். அப்போதே அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது. உதவியாளர் ஒருவர் மகஜர் எழுதத் தயாராக நின்றார். மகஜர் என்றால், இடத்தில் பார்த்ததையும் அங்கிருப்பவர்கள் சொன்னதையும் அங்கேயே எழுதிச் சாட்சிக் கையெழுத்து வாங்குவது. அதில் ஏறிய சொல்லை இறக்குவது லேசல்ல.

அதனால் அண்ணிக்கு முந்தின நாளே சொல்லி வைத்திருந்தேன். மீன் இருக்கிறதா என்று கேட்பார்கள். இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். அண்ணி தலையாட்டினார். அண்ணி ஒரு சொல்லோடு நிறுத்தி நான் பார்த்ததில்லை என்பது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

"ஏம்மா, இதுல மீன் இருக்கா?" என்று அதிகாரி கேட்டார்.

"கீது சார். ஏகப்பட்டது கீது."

எனக்கு மூச்சு சீரானது.

"இப்ப எங்க இருக்கு?"

"இப்ப எப்பிடி சார் இருக்கும்? மயை பேஞ்சாதான வுயும்! மயை மீனு சார் இது. வானத்துலேர்ந்து பொத்து பொத்துனு வுயும், நான் பாத்துக்கீறேன்."

உதவியாளர் எழுதினார். கான்ட்ராக்டர் முகம் மலர்ந்தது.

"கேட்டீங்களா சார்? மீனு மேல கீது. நாங்க மூடப்போறது கீய. மேல கீறத யாரு தடுத்தா? சந்தை மேலயும் வுயட்டும், கூடையில புடிச்சி அங்கயே வித்துடலாம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். காலனிக்காரர்கள் சிலரும் சிரித்தார்கள். அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. "மீனு மட்டும் இல்ல சார், இந்தக் காலனியே அப்புறமா வந்ததுதான். இவங்க எங்கேருந்து வந்தாங்க, எப்ப வந்தாங்கன்னு அதையும் கொஞ்சம் எயுதிக்கங்க."

அண்ணி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு அவரை ஒருமுறை பார்த்தார்.

"மேடம், வேற ஏதாவது சொல்லணுமா?" என்று அதிகாரி என்னிடம் கேட்டார்.

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல சார். காட்டணும். புலத்தணிக்கைன்னா புலத்தைப் பாக்கறது. நீங்க இதுவரைக்கும் அதோட மேல்தோலைத்தான் பாத்திருக்கீங்க. தோண்டிப் பாக்கக் கூடாதுன்னு எந்த விதியிலயும் இல்ல. நான் தேடிப் பாத்துட்டேன்."

அண்ணி மம்மட்டி எடுத்து வந்தார். நான் வாங்கிக்கொண்டேன். முதலில் கால்வாய்ப் பக்கம் ஒரு வெடிப்பில் வெட்டினேன். முழங்கால் ஆழத்துக்கு வெட்டியும் ஓடுதான் வந்தது, பானை ஓடு.

"புதையல் எடுக்கறாங்க மேடம்" என்றார் கான்ட்ராக்டர். "கெடைச்சா கவர்மெண்டுக்கு சேரும், பாத்துக்கங்க."

வியர்வை கண்ணில் இறங்கியது. தாங்கலின் மிகத் தாழ்ந்த இடம் மதகடி. அங்கே வெடிப்புகள் அகலமாக இருந்தன. குனிந்து பார்த்தால் அடி கறுப்பாக இருந்தது. ஈரம் மிஞ்சியிருந்தால் அங்கேதான் மிஞ்சியிருக்கும். வெட்டினேன். மண் கட்டியாக வராமல் களியாக வந்தது. நாலாவது வெட்டில் அந்தக் களிக்குள் ஒரு ஜாண் நீளத்தில் கறுப்பாக ஏதோ மடிந்து கிடந்தது. தேளி. அசையவில்லை.

"செத்துது சார்" என்று கான்ட்ராக்டர் முன்னால் வந்தார். "போன வருஷத்துப் பொணம். இருங்க, காட்டறேன்." நான் வாயைத் திறப்பதற்குள் குனிந்து தலைப்பக்கமாக அள்ளிவிட்டார்.

தேளிக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. தலைக்குப் பின்னால் இரு பக்கமும் விஷமுள். அவர் போட்ட சத்தத்தில் ஓரத்தில் மேய்ந்த ஆடு மிரண்டு ஓடியது. கீழே விழுந்த தேளி களியில் நெளிந்து, வாயைத் திறந்து காற்றை ஒருமுறை விழுங்கியது. அதிகாரி அதைப் பார்த்தார். அது எனக்குப் போதும்.

"செத்தது கொட்டுதுடியோ!" என்று அண்ணி கைதட்டினார். பிறகு உடனே முகம் மாறி, "யோவ், கைய ஒதறாத, ஏறிக்கும். வா, வா வூட்டுக்கு" என்று அவரை இழுத்துக்கொண்டு போனார். பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வைத்து, குண்டானில் கையை முக்கி உட்காரச் சொன்னார். தேளிக்கு அதுதான் வைத்தியம். எங்கள் வீட்டுக்குள் அவர் அடி வைத்தது அதுதான் முதல் முறை. கண்ணில் நீர் வழிய, "பேஜாராப் பூச்சே" என்று முனகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மகஜரை எங்கள் வாசலில் வைத்துத்தான் முடித்தார்கள். 'மீன் ஒன்று காணப்பட்டது' என்று உதவியாளர் எழுதியிருந்தார்.

"'உயிருடன்' விட்டுப்போச்சு" என்றேன்.

"மீன்னு எழுதினா போதாதா மேடம்?"

"கருவாடும் மீன்தான். உயிருடன்னு எழுதுங்க. சந்தேகம் இருந்தா உள்ள உக்காந்திருக்கிற சாட்சியக் கேளுங்க."

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதச் சொன்னார். கான்ட்ராக்டர் சாட்சிக் கையெழுத்தை இடது கையால் போட்டார். வலது கை குண்டானில் இருந்தது.

அண்ணியின் வாக்குமூலத்தைத் திருத்தலாமா என்று நானே கேட்டேன். அண்ணி சம்மதிக்கவில்லை.

"நான் சொன்னது சொன்னதுதான். இது பயைய மீனு, மண்ணுல தங்கிப்பூச்சு. புதுசு மயையிலதான் வரும்."

ஆக ஒரே தாளில் மீன் மண்ணுக்குள் உயிரோடு இருந்ததும், வானத்திலிருந்து விழுவதும் இரண்டும் ஏறின. அதிகாரி இரண்டையும் படித்துவிட்டு, மழைக்காலத்தில் மறுதணிக்கை தேவை என்று குறித்தார். மழைக்காலம் என்பது எந்த மாதம் என்று கேட்டேன். ஐப்பசி என்று எழுதிக் கொடுத்தார். அதுவரை யாரும் எதையும் கொட்டக் கூடாது என்று எழுதச் சொன்னதற்கு, "அது என் அதிகாரத்துல இல்ல மேடம், மேல அனுப்பறேன்" என்றார். சரியான பதில். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். மேலே போன தாள் எப்போது கீழே வரும் என்பது எனக்கும் தெரியும், லாரிக்கும் தெரியும்.

ஒரு வாரம் லாரி வரவில்லை. பிறகு விடியற்காலைகளில் வர ஆரம்பித்தது. கால்வாய் வாயில் இருந்த இடிபாடு மேடாக உயர்ந்தது. நான் நினைவூட்டு மனு அனுப்பினேன். அதற்கு ஒரு நினைவூட்டும் அனுப்பினேன்.

வைகாசியில் ஒரு நாள் பிற்பகலில் பிடித்த மழை விடிந்தும் தூறிக்கொண்டிருந்தது. மதகடியில் முழங்கால் தண்ணீர். வயல்வெளியில் தேங்கியது கால்வாய் வழியாக வந்து, இடிபாட்டில் மோதி, செங்கல் சந்துகளில் கசிந்து கசிந்து தாங்கலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"பாப்பா! ஏ பாப்பா! ஓடியா!"

வீடு இடிந்துவிட்டது என்று நினைத்து ஓடினேன். அண்ணி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு இடிபாட்டு மேட்டுக்கு எதிரே நின்றிருந்தார். கை எதையோ காட்டியது.

பனையேறிகள். வரும் தண்ணீரை எதிர்த்து மேலே வயலுக்குப் போய் முட்டையிடுவதற்குக் கிளம்பியிருந்தன. கால்வாயை மூடிவிட்டார்கள் என்று அவற்றுக்கு யாரும் அறிவிப்பு ஒட்டவில்லை. செவுள் மூடியை விரித்து, அதன் முள் விளிம்பைச் செங்கல்லில் ஊன்றி, வாலால் ஒரு உந்து. பிறகு ஓய்வு. மறுபடி ஊன்றி ஒரு உந்து. சிமெண்டுக் கட்டி, உடைந்த டைல்ஸ், முறுக்கிய கம்பி, எல்லாவற்றின் மேலும் ஏறின. ஒன்று சறுக்கி அடிவரை போய் விழுந்தது. விழுந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கியது. ஒரு குறவை உடம்பை வளைத்து வளைத்துப் பக்கவாட்டில் வழி தேடியது. மேட்டைத் தாண்டியவை பாதைக்கு இறங்கி, டயர் தடங்களின் குறுக்கே கால்வாயின் மேல்பக்கம் நோக்கிப் போயின.

"நடக்குதுடி" என்றார் அண்ணி மெதுவாக. "மெய்யாவே நடக்குது."

நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது எவ்வளவு சிரமம் என்பது எனக்குத்தான் தெரியும்.

அப்போது லாரி வந்தது. பின்னால் பைக்கில் கான்ட்ராக்டர். அண்ணி அவசரப்படவில்லை. சாக்கைத் தலையிலிருந்து எடுத்து மடித்து, பாதையின் நடுவில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தார்.

"யம்மா, இன்னா இது? எந்திரி!"

"மீனு தாண்டுது. தாண்டட்டும்."

"மீனு தாண்டற வரிக்கும் லாரி நிக்குமா? டீசல் யாரு குடுப்பா?"

"சந்தையில வித்துக் குடுக்கறேன். நீதான சொன்ன, கூடையில புடிக்கலாம்னு?"

அதற்குள் காலனியிலிருந்து பெண்கள் வந்துவிட்டார்கள். ஒருத்தி அண்ணிக்கு வலப்பக்கம் உட்கார்ந்தாள், ஒருத்தி அவளுக்குப் பின்னால். கான்ட்ராக்டர் பைக்கைவிட்டு இறங்கி, பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்தார். "எங்கேருந்துதான் வந்து மொளைக்கிறீங்களோ!" என்று கத்தினார்.

அண்ணி வெற்றிலையைத் துப்பினார். மகஜர் நாளிலிருந்து வாயில் வைத்திருந்த பதில் அது என்று எனக்குப் புரிந்தது.

"மயையில வுயுந்தோம் நைனா. எயுதிக்கோ."

பொதுப்பாதையில் உட்கார்வது எந்தெந்தப் பிரிவுகளின்கீழ் வரும் என்று எனக்கு மனப்பாடம். அனுமதி கேட்பதானால் யாருக்கு, எத்தனை படிகளில் விண்ணப்பிக்க வேண்டும் என்றும் தெரியும். புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு பனையேறி கடந்து போகும் வரை காத்திருந்து, அண்ணிக்கு இடப்பக்கம் ஈரத்தில் உட்கார்ந்தேன்.

டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்து சக்கரத்துக்கு முன்னால் குந்தினார். கொஞ்ச நேரம் பார்த்தார். "மெய்யாலுமே நடக்குது சார்" என்று தன் முதலாளியிடம் சொன்னார். பிறகு ஏறி, வந்த வழியே பின்னாலேயே எடுத்துக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து கொட்டவில்லை. மேட்டில் ஓரிடத்தில் நாங்கள் இடிபாட்டை அள்ளி, தண்ணீர் போகும் அளவுக்கு வாய் திறந்துவிட்டோம், அனுமதி கேட்கவில்லை. மேலே போன தாள் இன்னும் கீழே வரவில்லை. ஐப்பசி வரப்போகிறது. மறுதணிக்கையில் இன்ன வாக்குமூலம் கொடுங்கள் என்று இந்தத் தடவை நான் யாருக்கும் சொல்லித்தரப் போவதில்லை. அண்ணி இப்போதே குழாயடியில் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறார். மீன் நடக்கும் விஷயத்தை முதலில் பார்த்துக் கண்டுபிடித்தது அவர்தானாம். காலேஜில் படித்த பாப்பாவுக்கே அவர் காட்டித்தான் தெரியுமாம்.